ஏஜென்சிக்குக் காசு கட்ட முன்னர் ஒரு இரத்தப் பரிசோதனை

கட்டாருக்கோ சவூதிக்கோ குவைத்துக்கோ வேலைக்குப் போக ஆயத்தமாகிற யாராவது இதை வாசித்தால், முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மிச்சத்தை ஆறுதலாக வாசிக்கலாம். ஏஜென்சிக்குக் காசு கட்ட முன்னர் யாழ்ப்பாணத்திலேயே ஒரு லாப்பில் ஹெப்படைட்டிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்குகிற ஒரு வைரஸ், உடம்பில் இருக்கிறதா என்று பரிசோதனை செய்து பாருங்கள். எச்.பி.எஸ்.ஏ.ஜி என்று கேட்டால் போதும், அவர்களுக்கு விளங்கும். ஒரு சின்னக் குப்பி இரத்தம்தான். ஏஜென்சிக்குக் கட்டுகிற காசோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை. வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் நெஞ்சு எக்ஸ்ரேயோடு எச்.ஐ.வி, ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி எல்லாம் பார்ப்பார்கள். அதில் ஒன்று பொசிற்றிவ் என்றால் அநேகமாகப் பயணம் அதோடு நின்றுவிடும். காய்ச்சல் தடிமன் என்று ஒரு நாள்கூடப் பாயில் படுக்காத ஆளாக நீங்கள் இருக்கலாம், அது அவர்களுக்குக் கணக்கில்லை. நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

நான் கொக்குவில் பக்கம். வயரிங் வேலை. 2022 இல் நாடு கவிழ்ந்தபோது சீமெந்து விலையும் வயர் விலையும் ஏறி, வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் அரைகுறையில் நிறுத்திவிட்டார்கள். பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்கள்தான் அந்த வருடம் நான் அதிகம் 'வேலை செய்த' நாட்கள். அடுத்த வருடம் கட்டாரில் எலக்ட்ரீசியன் வேலை இருக்கிறது என்று ஒரு ஏஜென்ட் வந்தார். மனைவியின் சங்கிலியையும் காப்பையும் அடைவு வைத்து, அம்மாவின் சீட்டுக் காசையும் சேர்த்து மூன்றரை இலட்சம் கட்டினேன். அதற்குப் பிறகுதான் மெடிக்கல். ஒழுங்கு மாறியிருக்கிறது பாருங்கள்: முதலில் காசு, பிறகு இரத்தம். இதை யாரும் எனக்குப் பிழையென்று சொல்லவில்லை, ஏனென்றால் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் தெரிந்த ஒருவரின் அறையில் முகம் கழுவிவிட்டு மெடிக்கல் நிலையத்துக்குப் போனேன். இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், கண் பார்த்தார்கள். முடிவு வந்தபோது 'அன்ஃபிட்' என்று மட்டும் சொன்னார்கள். என்ன காரணம் என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்தபடியே "ஹெப்படைட்டிஸ் பி பொசிற்றிவ், டொக்டரிடம் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் நம்பரைக் கூப்பிட்டார். எந்த டொக்டரிடம், எந்த ஊரில், எவ்வளவு அவசரமாக, வீட்டில் இருக்கிற பிள்ளைகளைத் தொடலாமா, ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற மட்டக்களப்புப் பொடியன் என்னை விட்டு ஒரு அடி தள்ளி நின்றான். அந்த ஒரு அடிதான் எனக்கு அன்று அதிகம் சுட்டது.

திரும்பி வரும் பஸ்ஸில் தொலைபேசியில் தேடினேன். ஈரல் சுருங்கும், ஈரல் புற்றுநோய், மருந்தால் முற்றாக மாறாது. இவை மூன்றும்தான் கண்ணில் பட்டன. பக்கத்து சீற்றில் ஒரு ஐயா தூங்கி என் தோளில் சாய்ந்திருந்தார். அவருக்குத் தொற்றிவிடுமோ என்று நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். அது எவ்வளவு தேவையில்லாத பயம் என்று இப்போது தெரியும். தோளில் சாய்வதாலோ, ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ, இருமுவதாலோ இது தொற்றாது. இரத்தம், உடலுறவு, பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கு, சரியாகச் சுத்தம் செய்யாத ஊசி, பகிர்ந்த பிளேட், இப்படிப்பட்ட வழிகள்தான். ஆனால் இதை எனக்குச் சொல்ல அந்த பஸ்ஸில் ஆள் இல்லையே.

வீட்டுக்கு வந்து சேர முன்னரே ஏஜென்ட் கோல் எடுத்துவிட்டார். "உமக்கு ஏதோ பெரிய வருத்தமாம், அன்ஃபிட் எண்டு வந்திருக்கு" என்று அவர் சொன்ன சத்தத்தில் அவருடைய கந்தோரில் இருந்த நாலு பேருக்காவது கேட்டிருக்கும். இரண்டு கிழமைக்குள் இன்னொருவர் வந்தார். வேறு ஒரு ஆளை என் பெயரில் இரத்தம் கொடுக்க வைத்து 'கிளியர்' ரிப்போர்ட் எடுக்கலாம், எழுபத்தையாயிரம் என்றார். என்னோடு வேலை செய்த ஒருவரின் தம்பி அப்படிப் போனவன். அங்கே இறங்கியதும் அந்த நாட்டுக்காரர் இன்னொரு முறை இரத்தம் எடுத்தார்கள், பொசிற்றிவ் என்றதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தக் கதை தெரிந்திருந்ததால் வந்தவரைத் தேத்தண்ணியோடு அனுப்பிவிட்டேன். உங்களிடமும் யாராவது வருவார்கள். பல நாடுகளுக்கு மெடிக்கல் இங்கே ஒருமுறை, அங்கே போய் இன்னொருமுறை என்பதை மறக்காதீர்கள்.

மனைவியிடம் சொன்ன இரவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இந்த வருத்தத்தில் நிறையக் குடும்பங்கள் உடைவது அந்த இடத்தில்தான் என்பதால் எழுதுகிறேன். அவவும் தொலைபேசியில் தேடியிருக்கிறா. உடலுறவால் தொற்றும் என்ற வரி அவவுக்கு முதலில் கிடைத்திருக்கிறது. "உண்மையைச் சொல்லுங்கோ, இது உங்களுக்கு எங்கையால வந்தது?" என்று கேட்டா. எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்வது? கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. செய்யாத ஒன்றுக்கு வெட்கப்படுவது எப்படியென்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த நாள் மாமி எனக்கென்று ஒரு சில்வர் கோப்பையைத் தனியாக எடுத்து அடுப்படியின் மூலையில் கவிழ்த்து வைத்திருந்தா. ஒன்றும் பேசவில்லை. நானும் அதிலேயே குடித்தேன்.

பிறகு யாழ். போதனா வைத்தியசாலைக்குப் போனேன். வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, அங்கிருந்து கிளினிக்குக்கு அனுப்பினார்கள். காலையிலேயே போய் வரிசையில் இருக்க வேண்டும், ஒரு நாள் வேலை போகும், ஆனால் காசு இல்லை. இரண்டாம் முறை போகும்போது மனைவியையும் கூட்டிப்போனேன். அங்கே இருந்த வயதான டொக்டர் என்னைவிட அவவோடுதான் கூட நேரம் கதைத்தார். அவர் சொன்னது இதுதான். "பிள்ளை, இது பெரிய ஆக்களுக்குத் தொற்றினா நூறு பேரிலை தொண்ணூற்றைஞ்சு பேருக்கு மேலை உடம்பே துரத்திப்போடும். அப்பிடித் துரத்தேக்கை சில பேருக்குச் செங்கமாரி வரும், சில பேருக்கு அதுவும் வராது. ஆனா பிறக்கேக்கை தொற்றின குழந்தையளிலை நூற்றுக்கு தொண்ணூறு பேருக்கு அது உள்ளுக்கையே தங்கிடும். இவருக்கு இப்பிடி ஒரு அறிகுறியும் இல்லாமத் தங்கியிருக்கெண்டா, அனேகமாச் சின்ன வயசிலை வந்தது." மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வரும் வழியில் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது விலை பேசினா. கடந்த கிழமை முழுக்க அவ ஒருவரோடும் விலைகூடப் பேசியிருக்கவில்லை.

குழந்தையின் உடம்பு அந்த வைரஸை எதிரியென்று அடையாளம் காண்பதில்லை, அதனால் சண்டையும் இல்லை. சண்டை இல்லாததால் காய்ச்சலும் மஞ்சளும் இல்லை. வைரஸ் ஈரலின் கலங்களுக்குள்ளே, மரபுப் பொருள் இருக்கிற இடத்திலேயே தன்னுடைய பிரதியை வைத்துக்கொண்டு பத்து இருபது முப்பது வருடம் இருக்கும். அதனால்தான் இருக்கிற மருந்துகள் அதை அடக்குகின்றனவே தவிர வேரோடு பிடுங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022 இல் உலகம் முழுவதும் 25 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இதோடு வாழ்ந்தார்கள், பெரும்பாலானவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இலங்கை அதிகம் பாதிக்கப்பட்ட நாடு இல்லை, ஆனால் இல்லாத நாடும் இல்லை. நான் பிறந்தது 1986 இல். தடுப்பூசி உலகத்தில் 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இலங்கையில் பிள்ளைகளுக்கான தடுப்பூசி அட்டவணையில் 2003 இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். இப்போது இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடுகிற ஐந்து நோய்க்கான ஊசியில் அதுவும் இருக்கிறது. என்னுடைய பிள்ளைகள் இருவரும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். கொப்பியை எடுத்துப் பார்த்தோம், மிட்வைஃப் கையெழுத்தோடு மூன்று ஊசியும் இருந்தன. இருந்தாலும் டொக்டர் இருவருக்கும் இரத்தம் பார்க்கச் சொன்னார், இரண்டும் நெகற்றிவ்.

சின்ன வயதில் வந்தது என்றால் முதலில் அம்மாவைத்தான் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர். அம்மாவுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. "எனக்கு ஒரு நாளும் செங்கமாரி வந்ததில்லை தம்பி, என்னை ஏன் இழுக்கிறாய்?" என்று ஒரே அடம். நல்லூர் தேருக்கு நடந்து போய் வருகிற ஆள், தானே தண்ணீர் அள்ளி வாழைக்கு ஊற்றுகிற ஆள். கடைசியில் சீனி வருத்தத்துக்குப் பார்க்கிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போனோம் (அது முழுப் பொய் இல்லை, சீனியும் பார்த்தார்கள்). அம்மாவும் பொசிற்றிவ். அம்மா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு "அப்ப உனக்கு நானா தந்தனான்?" என்று கேட்டபோது என்ன சொல்வதென்று தெரியவில்லை. அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. அம்மம்மாவாக இருக்கலாம், கொதிக்க வைத்த கண்ணாடி ஊசிகளை ஊரெல்லாம் பாவித்த காலமாக இருக்கலாம். அம்மாவின் தமையன், என் பெரிய மாமா, வயிறு வீங்கி ஐம்பது வயதுக்குள் செத்துப்போனவர். கொண்டாட்டத்துக்கு ஒரு சொட்டுக் கள்ளுக் குடித்தால் உண்டு, ஆனால் ஊர் அவரைக் குடித்துச் செத்தவர் என்றே சொன்னது. மாமாவுக்கும் இதுவாக இருந்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். உறுதியாகச் சொல்ல இனி வழியில்லை.

பிறகு தங்கச்சி. அவள் பிரான்ஸில். வாட்ஸ்அப்பில் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அண்ணா, எனக்குத் தெரியும்" என்றாள். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கட்டாயமாகப் பார்க்கிற பரிசோதனையில் அவளுக்குப் பிடிபட்டிருக்கிறது. பிள்ளை பிறந்த கையோடு ஒரு தொடையில் தடுப்பூசியும் மற்றத் தொடையில் எதிர்ப்புப் புரத ஊசியும் போட்டு, பிள்ளைக்குத் தொற்றாமல் காப்பாற்றிவிட்டார்கள். சகோதரங்களையும் தாயையும் பார்க்கச் சொல்லுங்கள் என்று அங்கத்தைய டொக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார். அவள் சொல்லவில்லை. புருஷன் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். எனக்கு அவள்மேல் வந்த கோபம் இறங்கக் கன நாள் எடுத்தது. மூன்றரை இலட்சமும் அடைவு வட்டியும் ஒரு பக்கம், அம்மாவை அத்தனை வருடம் முன்னரே பார்த்திருக்கலாமே என்பது மறுபக்கம். ஆனால் எனக்கு மாமியின் சில்வர் கோப்பை கிடைத்ததைப் பார்த்த பிறகு, அவள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கவும் முடியவில்லை.

இதில் நான் கண்டது: ஒரு ஆளுக்கு இருந்தால் தாய், கூடப்பிறந்தவர்கள், துணை, பிள்ளைகள் எல்லோரையும் பார்க்க வேண்டும். யார் நல்லாயிருக்கிறார், யார் மெலிந்திருக்கிறார் என்பதை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. எங்கள் வீட்டில் மருந்து தேவைப்பட்டது எனக்கில்லை. வாழைக்குத் தண்ணீர் ஊற்றிய அம்மாவுக்குத்தான்.

எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் 'பொசிற்றிவ்' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். முதல் பரிசோதனை வைரஸ் உள்ளே இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். ஆறு மாதத்துக்குப் பிறகும் இருந்தால் அது தங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேலே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. வைரஸ் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது? ஈரலுக்கு ஏற்கெனவே சேதம் வந்துவிட்டதா? முதலாவதுக்கு எச்.பி.ஈ.ஏ.ஜி என்ற பரிசோதனையும், இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற டி.என்.ஏ அளவு என்ற விலை கூடிய பரிசோதனையும். இரண்டாவதுக்கு ஏ.எல்.டி, ஏ.எஸ்.டி என்ற ஈரலுக்கான இரத்தப் பரிசோதனைகள், பிளேட்லெட் எண்ணிக்கை, வயிற்று ஸ்கான். இவை மலிவு. எனக்கு டி.என்.ஏ அளவு ஒரு மில்லிலீட்டருக்கு 2000 அலகுக்குக் கீழே, ஏ.எல்.டி சாதாரணம், ஸ்கான் சுத்தம். மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருக்கால் வந்து காட்டுங்கள் என்றார்கள். அம்மாவுக்கு டி.என்.ஏ அதைவிட எத்தனையோ மடங்கு, ஏ.எல்.டி கூட, ஸ்கானில் ஈரலின் விளிம்பு கரடுமுரடாகத் தெரிந்தது. இத்தனைக்கும் ஒரு நாள் வயிற்றுநோ என்று சொன்னதில்லை. அம்மாவுக்கு டெனோஃபோவிர் என்ற, வைரஸை அடக்குகிற குளிசை தொடங்கினார்கள், நாளுக்கு ஒன்று.

டி.என்.ஏ பரிசோதனைக்கு நான் தனியாரில் காசு கட்டி அவசரப்பட்டுச் செய்தேன், மாதிரி கொழும்புக்குப் போய் முடிவு வந்தது, 20,000 ரூபாய்க்கு மேலே போனது. கிளினிக்கில் கேட்டுக் காத்திருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும். இந்த வருத்தத்தில் அநேகமாக ஒரு மாதம் பொறுப்பதால் ஒன்றும் கெட்டுப்போவதில்லை. கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, சத்தி எடுத்தாலோ மட்டும் அன்றே ஓட வேண்டும். எல்லா ரிப்போர்ட்டையும் ஒரு ஃபைலில் திகதி ஒழுங்கில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு டொக்டர் இருப்பார், போன முறை ஏ.எல்.டி எவ்வளவு என்று அவர் கேட்கும்போது தாளை நீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

கீழ்க்காய்நெல்லியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஊரில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். செங்கமாரி என்றாலே கீழ்க்காய்நெல்லி என்று அரைத்து மோரில் கலந்து தருகிற ஊர் இது. அம்மாவும் வேலியோரத்தில் பிடுங்கி அரைத்துவிட்டா. அது வெறும் ஊர்க்கதையும் இல்லை. 1988 இல் சென்னையில் இதே ஹெப்படைட்டிஸ் பி தங்கியிருந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்று லான்செட் மருத்துவ இதழில் வந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. டொக்டரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "அரைச்ச இலையிலை பயமில்லை. ஆனா என்ன சேர்த்திருக்கெண்டு தெரியாத பொட்டலத்தை வாங்கிக் குடிச்சு ஈரலைப் பழுதாக்கிக்கொண்டு வாறவையைத்தான் நான் காணுறன்" என்றார். மனைவியின் சித்தப்பா கொண்டுவந்து தந்த அப்படியொரு பொட்டலம் பிரிக்கப்படாமலே அலுமாரியில் கிடந்தது, எறிந்துவிட்டோம். சாராயமும் கள்ளும் வேண்டாம் என்றார், அதை எதிர்பார்த்தேன். எதிர்பார்க்காதது கச்சான். பூஞ்சணம் பிடித்த கச்சானிலும் தானியத்திலும் அஃப்ளடொக்சின் என்று ஒரு நஞ்சு உண்டாகும். ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அது ஈரல் புற்றுநோயின் அபாயத்தைப் பல மடங்காக்குமாம். திருவிழாவில் வாங்கி மிஞ்சியதைக் கட்டி வைத்து மாதக்கணக்கில் சாப்பிடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் இருந்தது, இப்போது வாங்கிய கிழமையே முடித்துவிடுகிறோம். கசக்கிற கச்சானைத் துப்பிவிடுங்கள், யாராக இருந்தாலும்.

வீட்டில் மாற்றியது கொஞ்சம்தான். சவர பிளேட், பல் துலக்கி, நகவெட்டி தனித்தனி. இந்த வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஒரு கிழமைக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும், அதனால் என் கையில் வயர் கீறி இரத்தம் சிந்தினால் ஒரு பங்கு குளோரொக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைக்கிறோம். சலூனில் புது பிளேட்டை என் கண் முன்னே மாற்றச் சொல்வேன். நான் சொல்வது அடுத்து உட்கார வருகிறவருக்காக என்று சலூன்காரத் தம்பிக்குத் தெரியாது. மனைவி நெகற்றிவ். அவவுக்கு மூன்று ஊசி போட்டோம், முதலாவது, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. பெரியவர்களுக்கு என்பதால் வாங்கித்தான் போட்டோம். கடைசி ஊசி முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு வந்துவிட்டதா என்று இரத்தத்தில் பார்க்கலாம், பத்துக்கு மேலே இருந்தால் போதும். அதுவரைக்கும் ஆணுறை பாவிக்கச் சொன்னார்கள். மாமிக்கும் தானே வந்து ஊசி கேட்கிற அளவுக்கு மனம் மாறியது. சில்வர் கோப்பை இப்போது பூச்செடிக்குத் தண்ணீர் அள்ளப் பயன்படுகிறது.

ஒரு சின்ன விஷயம், வெளிநாட்டுக்குப் போக இருப்பவர்களுக்கு. மெடிக்கலுக்குப் பயந்து முதல் நாள் போய் இந்தத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். ஊசியில் இருப்பது வைரஸின் அதே மேலுறைப் புரதம் என்பதால், போட்டு இரண்டு மூன்று கிழமைக்குள் இரத்தம் எடுத்தால் வருத்தம் இல்லாத ஆளுக்கும் பொசிற்றிவ் காட்டக்கூடும். முதலில் பரிசோதனை, நெகற்றிவ் என்றால் ஊசி, அதற்குப் பிறகு ஒரு மாதமாவது விட்டு மெடிக்கல். இன்னொன்று, சும்மா பார்க்கலாம் என்று இரத்ததானம் செய்யப் போகாதீர்கள். இலங்கையில் தானமாகக் கிடைக்கிற எல்லா இரத்தத்தையும் ஹெப்படைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி, சிபிலிஸ், மலேரியாவுக்குப் பார்க்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் புதிதாகத் தொற்றிய முதல் நாட்களில் எந்தப் பரிசோதனையிலும் பிடிபடாத இடைவெளி ஒன்று இருக்கிறது. சந்தேகம் இருக்கிற ஆள் லாப்புக்குப் போக வேண்டும், இரத்த வங்கிக்கு அல்ல.

காசு விஷயம். கட்டிய மூன்றரை இலட்சத்தில் இரண்டு இலட்சம் திரும்பக் கிடைத்தது, அதுவும் மாதக்கணக்கில் அலைந்த பிறகு. மிச்சத்தை 'புரோசசிங்' என்றார்கள். மெடிக்கலில் தவறினால் எவ்வளவு திருப்பித் தருவோம் என்று ரசீதில் எழுதி வாங்கியிருந்தால் இவ்வளவு அலைந்திருக்கத் தேவையில்லை என்று பிறகு ஒருவர் சொன்னார். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் ஏஜென்சியின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள், முறைப்பாடும் அங்கே கொடுக்கலாம். நான் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்று சொன்ன கிழமையில்தான் அந்த இரண்டு இலட்சமும் வந்தது. சங்கிலி மீண்டுவிட்டது, காப்பு இன்னும் அடைவில். இப்போது சூரியசக்தித் தகடு பூட்டுகிற ஒரு குழுவோடு வேலை செய்கிறேன், கட்டார்ச் சம்பளம் இல்லை, ஆனால் கிளினிக் நாளில் லீவு தருகிறார்கள்.

கடைசியாக, வேறு எந்த வருத்தத்துக்கு மருந்து எடுக்கப் போனாலும் இதைச் சொல்லிவிடுங்கள். ஸ்டீரொய்ட், புற்றுநோய் மருந்து, மூட்டு வாதத்துக்குத் தருகிற சில ஊசிகள் எல்லாம் உடம்பின் காவலைக் குறைக்கும். அந்த நேரத்தில் அத்தனை வருடம் அடங்கியிருந்த வைரஸ் திடீரென்று கிளம்பி ஈரலைத் தாக்கக்கூடும். டெனோஃபோவிர் எடுப்பவர்கள், நல்லாயிருக்கிறது என்று தாங்களாக நிறுத்தினாலும் அதே கதைதான். அம்மாவுக்கு முழங்கால் நோ. போன மாதம் பக்கத்துப் பார்மசியில் யாரோ சொன்னார்கள் என்று டைக்ளோபெனாக் குளிசை வாங்கி வந்திருந்தா. டெனோஃபோவிரோடு அதை எடுத்தால் சிறுநீரகத்துக்குப் பாரம் என்று கிளினிக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். குளிசையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பூசுகிற களிம்பு ஒன்று வாங்கினோம். முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது, அதற்கு இப்போது எல்லாப் பழியும் என் மேலே.